விண்வெளிப் படத்தைப் படிக்கக் கற்றுக்கொள்வோம்: எந்த ஒளி, எந்தத் தொலைநோக்கி, ஏன் மேலே?

விண்வெளித் தொலைநோக்கி எடுத்த படம் ஒன்று கைபேசியில் வந்து விழுகிறது. ஆரஞ்சும் நீலமுமாக ஒரு மேகம், நடுவில் புள்ளி புள்ளியாக விண்மீன்கள். அழகாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுகிறோம். அந்தப் படத்தில் இருக்கும் சேதியைப் படிக்கத் தெரிந்துவிட்டால் அவ்வளவு சீக்கிரம் நகர மனம் வராது, அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். கணக்கு என்று பார்த்தால் ஒரே ஒரு வகுத்தல், ஒரே ஒரு பெருக்கல். இயற்பியல், பள்ளியில் படித்து மறந்த அளவு போதும்.

தொடங்கும் முன் ஒரு தவறான எண்ணத்தைக் கழற்றி வைத்துவிடலாம். தொலைநோக்கியை மேலே அனுப்பினால் விண்மீன்கள் பக்கத்தில் வந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கி சுற்றுவது தரையிலிருந்து சுமார் 500 கிலோமீட்டர் உயரத்தில். சூரியனை விட்டால் நமக்கு மிக அருகில் உள்ள விண்மீன் ஏறத்தாழ 40 லட்சம் கோடி கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. அதில் ஒரு 500 கிலோமீட்டர் குறைந்து என்ன ஆகப்போகிறது? தூரத்தைப் பற்றிய கவலையே இதில் கிடையாது. தலைக்கு மேல் இருக்கும் காற்றைத் தாண்டிப் போனால் போதும், அவ்வளவுதான் நோக்கம். ஏன் என்பது மூன்றாவது படியில் வரும்.

1. முதலில், எந்த ஒளி என்று பாருங்கள்

ஆய்வு மையங்கள் வெளியிடும் படத்துக்குக் கீழே ஒரு சின்னக் குறிப்பு இருக்கும். அதில் தேட வேண்டிய சொல் அகச்சிவப்பு, புற ஊதா, எக்ஸ் கதிர், ரேடியோ, இப்படி ஏதாவது ஒன்று. எல்லாமே ஒளிதான், அலைநீளம் மட்டும் வேறு. கண்ணுக்குத் தெரியும் பகுதி ஊதாவில் ஏறத்தாழ 400 நானோமீட்டரில் தொடங்கி, சிவப்பில் 700 நானோமீட்டரோடு முடிந்துவிடுகிறது. அதை விட நீளமானால் அகச்சிவப்பு, அப்புறம் நுண்ணலை, ரேடியோ. குறைந்தால் புற ஊதா, எக்ஸ் கதிர், காமா. ஒரு ரேடியோ அலை பல மீட்டர் நீளம் இருக்கலாம், காமா கதிரின் அலை ஓர் அணுவை விடச் சிறியது. இவ்வளவு பெரிய வரிசையில் நம் கண்ணுக்குக் கிடைத்தது ஒரு மெல்லிய கீற்று.

கண்ணுக்குத் தெரியாத ஒளி என்று ஒன்று இருப்பதே 1800 வரை யாருக்கும் தெரியாது. அந்த ஆண்டு வில்லியம் ஹெர்ஷல் சூரிய ஒளியைப் பட்டகத்தால் பிரித்து, ஒவ்வொரு நிறத்திலும் வெப்பமானியை வைத்துப் பார்த்தார். சிவப்பையும் தாண்டி, எந்த நிறமும் விழாத இடத்தில் வைத்த வெப்பமானிதான் எல்லாவற்றையும் விட அதிகம் காட்டியது. அடுத்த ஆண்டே யோஹான் ரிட்டர் என்பவர் ஊதாவுக்கு அந்தப் பக்கமும் ஏதோ இருப்பதைக் கண்டுபிடித்தார்.

இதை நம்புவதற்கு ஒரு சின்னச் சோதனை போதும். தொலைக்காட்சி ரிமோட்டின் முனையைக் கைபேசிக் கேமராவுக்குக் காட்டி ஏதாவது ஒரு பொத்தானை அழுத்துங்கள். நேரில் பார்த்தால் ஒன்றும் தெரியாது, திரையில் மட்டும் வெளிர் ஊதாவாக மின்னும். சில கைபேசிகளில் பின்பக்கக் கேமரா அகச்சிவப்பைத் தடுத்துவிடும், அப்படியானால் முன்பக்கக் கேமராவில் முயன்று பாருங்கள். அந்த மின்னலைப் பார்த்த பிறகு, இனிப் படிப்பது எல்லாம் வேறு மாதிரி மனதில் பதியும்.

2. ஒரு வகுத்தல் போட்டுப் பாருங்கள்

சூடான எதுவும் ஒளி விடும். எவ்வளவு சூடு என்பதைப் பொறுத்து அந்த ஒளியின் அலைநீளம் அமையும். கணக்கு எளிது: 2,900-ஐக் கெல்வின் வெப்பநிலையால் (செல்சியஸோடு 273-ஐக் கூட்டினால் கெல்வின்) வகுங்கள், வரும் விடைதான் அந்தப் பொருள் எந்த அலைநீளத்தில் மிகுதியாக ஒளிர்கிறது என்பது, மைக்ரோமீட்டரில்.

சூரியனின் மேற்பரப்பு சுமார் 5,800 கெல்வின். வகுத்தால் 0.5 மைக்ரோமீட்டர், அதாவது 500 நானோமீட்டர், நம் கண்ணுக்குத் தெரியும் பகுதியின் நடுவில். மனித உடல் 310 கெல்வின், விடை 9.4 மைக்ரோமீட்டர், நீங்களும் நானும் இந்த நிமிடமே அகச்சிவப்பில் ஒளிர்ந்துகொண்டிருக்கிறோம், இருட்டறையிலும்கூட. விண்மீன்கள் பிறக்கும் தூசி மேகம் ஒன்று 30 கெல்வினில் உறைந்து கிடந்தால் 97 மைக்ரோமீட்டர் வருகிறது, தொலை அகச்சிவப்பு. கருந்துளைக்குள் விழப்போகும் வாயு ஒரு கோடி கெல்வினுக்குச் சூடேறியிருந்தால் 0.3 நானோமீட்டர், சந்தேகமில்லாமல் எக்ஸ் கதிர். பெருவெடிப்பின் மிச்ச வெப்பம் இன்று 2.7 கெல்வின்தான், அது 1 மில்லிமீட்டர் அளவில் நுண்ணலையாக எல்லாத் திசையிலிருந்தும் வருகிறது.

இப்போது யோசியுங்கள், கண்ணுக்குத் தெரியும் ஒளியை மட்டும் வைத்துக்கொண்டால் எதைப் பார்ப்போம்? சூரியனைப் போலச் சில ஆயிரம் கெல்வினில் இருப்பவற்றைத்தான் பெரும்பாலும். அதை விடக் குளிர்ந்தது, அதை விடக் கொதிப்பது எல்லாம் நழுவிப் போய்விடும். பல தொலைநோக்கிகள் ஏன் தேவைப்படுகின்றன என்று கேட்டால் என் பதில் இந்த வகுத்தல்தான், மற்றதெல்லாம் இதற்கு அப்புறம்.

ஓர் எச்சரிக்கையும் வேண்டும். எல்லா ஒளியும் சூட்டினால் வருவதில்லை. காந்தப்புலத்தில் சுழன்று ஓடும் எலக்ட்ரான்கள் சூடு எதுவும் இல்லாமலே ரேடியோ முதல் எக்ஸ் கதிர் வரை விடும். குளிர்ந்த ஹைட்ரஜன் 21 சென்டிமீட்டரில் ரேடியோ ஒளி விடும். அதனால் இந்தக் கணக்கை முதல் ஊகமாக வைத்துக்கொள்ளுங்கள்.

தூரமும் அலைநீளத்தை மாற்றும். பேரண்டம் விரிவதால் வழியிலேயே ஒளி நீண்டுவிடுகிறது. எவ்வளவு நீண்டது என்பதன் அளவுதான் செந்நகர்வு. செந்நகர்வு 14 என்று ஒரு பால்வெளியை, அதாவது ஒரு விண்மீன் மண்டலத்தைப் பற்றிப் படித்தால், ஒன்றைக் கூட்டி, ஒளி கிளம்பியபோது இருந்த அலைநீளத்தை 15-ஆல் பெருக்குங்கள். ஹைட்ரஜன் 121.6 நானோமீட்டரில் விட்ட புற ஊதா நம்மிடம் 1.8 மைக்ரோமீட்டராக, அகச்சிவப்பாக வந்து சேரும். பேரண்டத்துக்கு 30 கோடி வயதுகூட ஆகாத காலத்துப் பால்வெளிகளை ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி தேடுவது அகச்சிவப்பில்தான், அதற்குக் காரணம் இந்தப் பெருக்கல்.

3. காற்று எதை உள்ளே விடும், எதை விடாது

வளிமண்டலம் வெறும் காற்றுதானே என்று தோன்றும். உங்கள் தலைக்கு மேல் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் ஒரு கிலோ காற்று நிற்கிறது, அதாவது 10 மீட்டர் ஆழத் தண்ணீருக்குச் சமமான எடை. ஒரு மருத்துவ எக்ஸ் கதிர் நம் உடலைத் தாண்டுகிறது, ஆனால் விண்ணிலிருந்து வரும் எக்ஸ் கதிர் இந்தப் பத்து மீட்டரைத் தாண்டுவதில்லை. நமக்கு அது நல்லதுதான். எக்ஸ் கதிரையே தேடுகிறவர்களுக்கு மேலே போவதைத் தவிர வேறு வழியே இல்லை.

1962 ஜூனில் ரிக்கார்டோ ஜியாக்கோனி குழு ஒரு சிறு ராக்கெட்டில் எக்ஸ் கதிர்க் கருவிகளை வைத்து அனுப்பியது. காற்றுக்கு மேலே இருந்தது சில நிமிடங்கள்தான். நிலாவிலிருந்து எக்ஸ் கதிர் வருகிறதா என்று பார்க்கத்தான் போனார்கள், கிடைத்ததோ விருச்சிகத் திசையில் யாரும் எதிர்பாராத ஒரு பிரகாசமான மூலம். கண்ணுக்குத் தெரியும் ஒளியில் அது எளிதில் தவறவிடக்கூடிய ஒரு மங்கல் புள்ளி. அதற்கு ஸ்கார்ப்பியஸ் எக்ஸ்-1 என்று பெயர். 1970-இல் இதற்கென்றே உஹுரு என்ற செயற்கைக்கோள் போனது, ஜியாக்கோனிக்கு 2002-இல் நோபல் பரிசு வந்தது. சில நிமிட ராக்கெட் பயணத்தில் ஒரு புதிய துறையே பிறந்தது, இந்தக் கதை எனக்கு எப்போதும் பிடித்தது.

புற ஊதாவில் ஏறத்தாழ 300 நானோமீட்டருக்குக் கீழே ஓசோன் கதவைச் சாத்திவிடுகிறது. காமாவும் தரைக்கு வராது.

அகச்சிவப்பில்தான் சிக்கல் இரட்டிப்பு, இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். நீராவியும் கார்பன் டை ஆக்சைடும் அகச்சிவப்பின் பெரும்பகுதியை விழுங்குகின்றன, இடையிடையே சில சந்துகள் மட்டும் திறந்திருக்கும். அந்தச் சந்துகளுக்காகத்தான் உயரமான, வறண்ட மலைகளைத் தேடிப் போகிறார்கள். சோஃபியா என்று ஒரு போயிங் 747 விமானத்தில் தொலைநோக்கியை வைத்து 2022 வரை பறக்கவிட்டதும், நீராவியில் பெரும்பகுதியைக் கீழே விட்டுவிடலாம் என்பதால்தான். இது ஒரு சிக்கல். இன்னொன்று, மேலே போட்ட வகுத்தலை நினைத்துப் பாருங்கள்: காற்றும் சுமார் 300 கெல்வின், தொலைநோக்கியின் ஆடியும் 300 கெல்வின், இரண்டும் 10 மைக்ரோமீட்டரில் தகதகவென்று ஒளிர்கின்றன. வானமும் எரிகிறது, கருவியும் எரிகிறது, அதற்கு நடுவே கோடிக்கணக்கான ஒளியாண்டு தாண்டி வந்த ஒரு துளி வெப்பத்தை எப்படிப் பிரித்தெடுப்பது? மேலே போனால் மட்டும் போதாது, கருவியையும் குளிர்விக்க வேண்டும்.

சரி, கண்ணுக்குத் தெரியும் ஒளியைத்தான் காற்று விடுகிறதே, ஹப்பிள் எதற்கு? விண்மீன் மினுக்குவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த மினுக்கல் விண்மீனுடையது இல்லை, காற்றின் அலைக்கழிப்பு. அது படத்தைக் கலக்கிவிடுகிறது. ஹப்பிளின் ஆடி வெறும் 2.4 மீட்டர், தரையில் அதை விடப் பெரியவை எத்தனையோ, ஆனாலும் அதன் படங்கள் கூர்மையாக இருப்பதற்குக் காரணம் காற்று நடுவில் இல்லாததே. தரையில் இப்போது ஆடியை நொடிக்குப் பல நூறு முறை வளைத்துக் காற்றின் கலக்கத்தைச் சரிசெய்கிறார்கள், வானத்தின் சிறு பகுதிகளில் அது நன்றாகவே வேலை செய்கிறது.

ரேடியோவுக்குக் காற்று பெரும்பாலும் திறந்த வாசல். அதனால்தான் 500 மீட்டர் விட்டமுள்ள சீனாவின் ஃபாஸ்ட் தொலைநோக்கி தரையிலேயே இருக்கிறது, அதை மேலே தூக்கவும் முடியாது. தரையிலேயே நன்றாகச் செய்யக்கூடியதை மேலே அனுப்புவது வீண் செலவு. தரைக் கருவி பழுதானால் போய்ப் பார்க்கலாம், பெரிதாகவும் கட்டலாம். சிலியில் 39 மீட்டர் ஆடியோடு ஒன்றைக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஜேம்ஸ் வெப்புக்கு 6.5 மீட்டர்தான், அதையும் 18 துண்டுகளாகச் செய்து மடித்து அனுப்ப வேண்டியிருந்தது.

4. கருவியின் உருவத்தைப் பாருங்கள், ஒளி எது என்று அதுவே சொல்லும்

தொலைநோக்கியின் பெயர் தெரிந்தால் அதன் படத்தையும் தேடிப் பாருங்கள், பொருத்தம் புரியும்.

ஜேம்ஸ் வெப்புக்கு ஏன் டென்னிஸ் மைதானம் அளவுக்கு ஐந்து அடுக்குப் போர்வை? மேலே சொன்ன குளிர்ச்சிக்காக. 2021 டிசம்பர் 25-இல் கிளம்பிய அது பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி நிற்கிறது. அங்கிருந்து பார்த்தால் சூரியன், பூமி, நிலா மூன்றும் ஒரே பக்கம், ஒரே போர்வையால் மூன்றின் வெப்பத்தையும் மறைத்துவிடலாம். நிழல் பக்கம் 50 கெல்வினுக்கும் கீழே இறங்குகிறது. நீண்ட அலைகளைப் பார்க்கும் மிரி என்ற கருவிக்கு அதுவும் போதவில்லை, தனியாக ஒரு குளிர்விப்பான் வைத்து 7 கெல்வினுக்கும் கீழே கொண்டுபோகிறார்கள். ஆடியில் தங்கப் பூச்சு இருப்பது, தங்கம் அகச்சிவப்பை நன்றாகப் பிரதிபலிக்கும் என்பதால். இதற்கு முன் போன ஸ்பிட்சரில் குளிர்விக்கத் திரவ ஹீலியம் இருந்தது. 2009-இல் அது தீர்ந்ததும் நீண்ட அலைகளுக்கான கருவிகள் குருடாகிவிட்டன, குறுகிய இரண்டு அலைநீளங்களை மட்டும் வைத்துக்கொண்டு 2020 ஜனவரி வரை உழைத்தது.

எக்ஸ் கதிர்த் தொலைநோக்கியில் நமக்குப் பழக்கமான கிண்ண ஆடி கிடையாது. நேராக விழுந்தால் எக்ஸ் கதிர் ஆடிக்குள் புகுந்து மறைந்துவிடும். ஓட்டாஞ்சில்லைத் தண்ணீரில் படுக்கைவாட்டமாக எறிந்தால் தத்தித் தத்திப் போகுமே, அதுபோல மிகச் சாய்வாக உரசிப் போகும்போது மட்டும் திரும்பும். அதனால் 1999-இல் போன சந்திராவின் ஆடிகள் ஒன்றுக்குள் ஒன்று வைத்த குழாய்களைப் போல இருக்கும். அதன் பெயர் சுப்ரமணியன் சந்திரசேகரை நினைவுகூர்வது. விண்மீன்களின் முடிவைப் பற்றிக் கணக்குப் போட்டவரின் பெயர், அந்த முடிவுகளின் மிச்சங்களைப் பார்க்கும் கருவிக்கு.

காமாவுக்கு ஆடியே இல்லை. 2008-இல் போன ஃபெர்மியில் காமா கதிர் டங்ஸ்டன் தகட்டில் மோதி ஓர் எலக்ட்ரானாகவும் ஒரு பாசிட்ரானாகவும் (எலக்ட்ரானின் நேர்மின் இணை) பிரிகிறது, அந்த இரண்டின் தடத்தை வைத்து வந்த திசையைக் கணிக்கிறார்கள்.

5. ஒரே பொருளின் பல படங்களை அடுத்தடுத்து வையுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் செய்து பார்ப்பேன் என்றால் இதைச் செய்யுங்கள். கழுகு நெபுலாவில் (வாயுவும் தூசியும் கலந்த ஒரு விண்மேகம்) "படைப்பின் தூண்கள்" என்ற பகுதியின் மூன்று படங்களைத் தேடி எடுங்கள்: ஹப்பிள் 1995-இல் எடுத்தது, ஜேம்ஸ் வெப் 2022-இல் நிர்கேம் என்ற கருவியால் எடுத்தது, அதே ஆண்டு மிரியால் எடுத்தது.

ஹப்பிள் படத்தில் தூண்கள் கெட்டியாக, சுவர் மாதிரி நிற்கும். உள்ளே என்ன என்று தெரியாது, ஏனென்றால் கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் தூசி மறித்துவிடுகிறது. நிர்கேம் படத்தில் அதே தூண்கள் பாதி கரைந்த மாதிரி, பின்னால் ஆயிரக்கணக்கான விண்மீன்கள். நீண்ட அலை தூசித் துகள்களுக்கிடையே எளிதாக நழுவி வருகிறது. தூண்களின் விளிம்பில் சிவந்த குழம்பு போலத் தெரியும் இடங்களை உற்றுப் பாருங்கள், அங்கே இப்போதுதான் உருவாகும் விண்மீன்கள் பொருளைப் பீய்ச்சுகின்றன. மூன்றாவதுக்குப் போனால் அதிர்ச்சி: விண்மீன்கள் பெரும்பாலும் காணாமல் போய்விட்டன! அவை எங்கும் போகவில்லை, இந்த நீண்ட அலைகளில் சூடான விண்மீன்கள் அதிகம் ஒளிர்வதில்லை, தூசிதான் ஒளிர்கிறது. முதல் படத்தில் இருட்டாக இருந்தது இதில் வெளிச்சமாகிவிட்டது. இரண்டாம் படியின் வகுத்தலைக் கண்ணால் பார்ப்பது என்றால் இதுதான்.

சில நிகழ்வுகளில் படங்களை அடுத்தடுத்து எடுக்கும் நேரமும் முக்கியம். 2017 ஆகஸ்ட் 17-இல், 13 கோடி ஒளியாண்டு தொலைவில் இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் (வெடித்த விண்மீன்கள் விட்டுச்செல்லும் மிக அடர்த்தியான மிச்சங்கள்) மோதியதன் ஈர்ப்பலை, அதாவது வெளியையே அதிரவைக்கும் அலை, வந்து சேர்ந்தது. 1.7 நொடியில் ஃபெர்மி காமா வெடிப்பைப் பார்த்தது. சுமார் 11 மணி நேரத்தில் தரைத் தொலைநோக்கி அந்த இடத்தைக் கண்டுபிடித்தது, 9 நாள் கழித்துச் சந்திராவில் எக்ஸ் கதிர், 16 நாள் கழித்து ரேடியோ. நீல ஒளி சில நாட்களில் மங்க, அகச்சிவப்பு நீடித்தது, கனமான தனிமங்கள் அங்கே உருவானதன் அடையாளம் அது. ஓர் ஒளியை மட்டும் நம்பியிருந்தால் கதையில் ஒரு வரிதான் கிடைத்திருக்கும். 2015-இல் போன இஸ்ரோவின் ஆஸ்ட்ரோசாட்டில் புற ஊதாவையும் எக்ஸ் கதிரையும் ஒரே நேரத்தில் பார்க்கும் கருவிகளைச் சேர்த்து வைத்ததும் இப்படி மாறிக்கொண்டே இருக்கும் பொருட்களுக்காகத்தான்.

6. நிறத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள், பொய் என்றும் ஒதுக்காதீர்கள்

அகச்சிவப்புக்கு ஏது நிறம், எல்லாம் கணினியில் பூசியதுதானே என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. பெரும்பாலும் பின்பற்றும் வழக்கம் இது: பல வடிகட்டிகளில் தனித்தனியாகக் கறுப்பு வெள்ளைப் படம் எடுத்து, அவற்றில் நீண்ட அலைக்குச் சிவப்பு, குறுகிய அலைக்கு நீலம், நடுவில் உள்ளதற்குப் பச்சை என்று கொடுத்து அடுக்குகிறார்கள். நம் காதுக்கு எட்டாத சுருதியில் இருக்கும் பாட்டை, எட்டும் சுருதிக்கு மாற்றிப் பாடுவது போல. வரிசை மாறுவதில்லை, இடம்தான் மாறுகிறது. தூண்களின் ஹப்பிள் படத்திலும் அப்படித்தான், கந்தக ஒளிக்குச் சிவப்பு, ஹைட்ரஜனுக்குப் பச்சை, ஆக்சிஜனுக்கு நீலம். குறிப்பில் எந்த வடிகட்டிக்கு எந்த நிறம் என்று போட்டிருப்பார்கள், அதைப் படிக்காமல் நிறத்துக்குப் பொருள் சொல்லக் கூடாது.

7. இப்போது நீங்களே தேடுங்கள்

ஐரோப்பிய விண்வெளி முகமையின் ஈசாஸ்கை என்ற வலைக்கருவி உலாவியிலேயே திறக்கும், கட்டணம் இல்லை. அலாடின் லைட்டும் அதே போலத்தான். தேடும் பெட்டியில் ஆண்ட்ரோமெடா பால்வெளியின் பெயரைத் தட்டச்சு செய்யுங்கள். 25 லட்சம் ஒளியாண்டு தொலைவில் இருந்தாலும் வானத்தில் பெரிதாக விரிந்திருப்பது, அதனால் பழகுவதற்கு வசதி. படம் வந்ததும் அலைநீளத்தை மாற்றும் இடத்தைத் தேடி, கண்ணுக்குத் தெரியும் ஒளியிலிருந்து தொடங்குங்கள்: வயதான விண்மீன்களின் வழவழப்பான மஞ்சள் ஒளி. புற ஊதாவுக்கு மாற்றினால் நடுப்பகுதி அடங்கி, வளையங்கள் எழும். புதிதாகப் பிறந்த, மிகச் சூடான விண்மீன்கள் அங்கேதான் இருக்கின்றன. தொலை அகச்சிவப்பில் ஏறத்தாழ அதே வளையங்கள் மறுபடியும் வரும், இந்த முறை ஒளிர்வது குளிர்ந்த தூசி. எக்ஸ் கதிரில் வளையமே தெரியாது, சிதறிய புள்ளிகள்தான், அவற்றில் பல நியூட்ரான் விண்மீனோ கருந்துளையோ பக்கத்து விண்மீனிலிருந்து வாயுவை இழுத்துக்கொண்டிருக்கும் இடங்கள்.

ஒவ்வொரு முறை மாற்றும் முன்பும் என்ன வரும் என்று ஒரு தாளில் எழுதி வைத்துவிட்டு மாற்றுங்கள். புற ஊதாவிலும் தொலை அகச்சிவப்பிலும் ஏன் ஒரே வளையம் வருகிறது, 30,000 கெல்வின் விண்மீனும் 30 கெல்வின் தூசியும் எப்படிப் பக்கத்துப் பக்கத்தில் இருக்க முடியும் என்ற கேள்விக்கு இரண்டு வரியில் பதில் எழுத முடிந்தால், அடுத்ததாக நண்டு நெபுலாவைத் தேடலாம்.